தலை வலிக்கவில்லையா? அதை நம்பி இருந்து விடாதீர்கள்!

"அண்ணாச்சி, தலை பிளக்குது. ஒரு மாத்திரை குடுங்க!"

சாயங்காலம் ஆறு மணிக்கு மின்சார ரயில் நிலைய வாசல் பெட்டிக்கடையில் நின்று பாருங்கள். இந்தக் குரல் காதில் விழாமல் இருக்காது. டீயோடு மாத்திரையையும் விழுங்கிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் எத்தனையோ பேர்!

பக்கத்தில் நிற்கிறவர் சும்மா இருப்பாரா? "பிரஷரா இருக்கும்யா, போய்ப் பாரு. எனக்கெல்லாம் தலைவலியே வந்தது கிடையாது. அதனால பிரஷரும் கிடையாது!" என்பார்.

பார்த்தாரா? பார்க்கவே இல்லை!

இந்த இரண்டாவது ஆசாமியைப் பற்றித்தான் நமக்குக் கவலை.

நார்வே நாட்டில் ஒரு மாவட்டம் முழுவதும் ஜனங்களைக் கூப்பிட்டு உடம்பைப் பரிசோதித்தார்கள். நடந்தது 1984 முதல் 1986 வரை. 11 ஆண்டுகள் கழித்து அதே ஜனங்களிடம் "தலைவலி உண்டா?" என்று கேட்டார்கள். 22 ஆயிரத்து 685 பேரின் கணக்கு 2002-ல் வெளியானது.

ரத்தக் கொதிப்பு ஏறியவர்களுக்குத்தானே தலைவலி அதிகம் வந்திருக்க வேண்டும்? நடந்தது தலைகீழ்! மேல் அளவு 150-ம் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு, 140-க்குக் கீழே இருந்தவர்களை விட, சாதாரணத் தலைவலி வரும் வாய்ப்பு 30 சதவீதம் குறைவாக இருந்தது. கொதிப்பு ஏறும்போது வலி தெரிவது மந்தமாகி விடுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

திருடன் கதவைத் தட்டிவிட்டா உள்ளே வருகிறான்? போலீஸ் ஸ்டேஷன் செய்தி எழுதிப் பழகிய நமக்கு இது புரிகிறது. கொதிப்பும் அப்படித்தான். சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வந்து நிற்கும். (180-க்கு மேல் திடீரென்று ஏறி, தலைவலியும் பார்வை மங்கலும் வந்தால் அது வேறு சங்கதி. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.)

நம் தமிழ்நாட்டுக் கதை என்ன? 2020-ல் அரசு எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 100-க்கு கிட்டத்தட்ட 34 பேருக்கு ரத்தக் கொதிப்பு. அந்த நோயாளிகளில் கொதிப்பு கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம். வெறும் ஏழே கால்! 2021 ஆகஸ்டில் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் திட்டம் வந்தது. பிறகு நடந்த கணக்கெடுப்பில் நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. அப்படியும் "தலை வலிக்கலையே, எதுக்கு மாத்திரை?" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் இன்னும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

சரி, மாத்திரை கேட்ட முதல் ஆசாமியை விட்டுவிடலாமா? கூடாது.

அவருக்குத் துணை நிறையவே உண்டு. பக்கத்து கர்நாடகத்தில் 2,329 பேரிடம் வீடு வீடாகக் கேட்டு 2015-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒரு வருஷத்தில் 100-க்கு 64 பேருக்குத் தலைவலி. நாலில் ஒருவருக்கு ஒற்றைத் தலைவலி! வேலைக்குப் போகிறவர்களையும், அடுப்படியில் நிற்கிற தாய்மார்களையும் போட்டுச் சாய்க்கிற வியாதி அது. "சும்மா நடிக்கிறா" என்று சொல்லும் மாமியார்களும் மேனேஜர்களும் இதைக் கவனிக்கட்டும்.

அமெரிக்காவில் ஒரு லட்சத்து 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளை 20 வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் ஆபத்து ஒன்றரை மடங்கு என்று 2016-ல் சொன்னார்கள். தலைவலிதான் நேரே மாரடைப்பைக் கொண்டு வருகிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் தலைவலிக்காரர் பிரஷரையும் பார்த்துக்கொள்வது நல்லது என்பதற்கு இது போதும்.

இதில் மாத்திரையே வில்லன் ஆகிற கதையும் உண்டு. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள், கலப்பு மாத்திரை என்றால் 10 நாள், இப்படி மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கினால் அந்த மாத்திரையாலேயே தினசரித் தலைவலி வந்துவிடும்! வலி போக மாத்திரை, மாத்திரையால் வலி. இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை ரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல.

வேடிக்கை என்னவென்றால், பிரஷருக்குக் கொடுக்கும் ப்ரொப்ரனலால் மாத்திரையையே ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும் டாக்டர்கள் எழுதுகிறார்கள். ஆஸ்துமாக்காரருக்கு அது ஆகாது. ஆகவே டாக்டரைக் கேட்காமல் பக்கத்து வீட்டுக்காரரிடம் கடன் வாங்கி விழுங்குகிற சமாசாரம் அல்ல!

மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே ஆள் வாரத்துக்கு மூன்று தடவை தலைவலி மாத்திரை கேட்டு வந்தால், "என்ன சார், டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேளுங்கள். வியாபாரம் ஒன்றும் குறைந்துவிடாது.

மாநகராட்சிக்கும் ஒன்று. காலை நேர ஓ.பி.க்கு கடையைப் பூட்டிவிட்டு யார் போவது? லீவு போட்டால் சம்பளம் பிடிக்கிற கம்பெனி குமாஸ்தா எப்படிப் போவார்? கோயம்பேடு மார்க்கெட்டிலும், பஸ் நிலையங்களிலும், ரயில் நிலைய வாசல்களிலும் சாயங்காலம் ஐந்து முதல் எட்டு வரை ஒரு மேஜை, ஒரு நர்ஸ், ஒரு பிரஷர் கருவி வையுங்கள். ஓர் ஆளுக்கு ஐந்து நிமிஷம்தான் ஆகும். அடுத்த ரயில் வருவதற்குள் முடிந்துவிடும்.