கூண்டுக்கிளியும் வகுப்பறையும்

தமிழிலக்கியத்தில் கிளிக்குரிய இடம் பெரிது. தினைப்புனத்தில் கதிர் கவர வந்த கிளிகளைத் தழலும் தட்டையும் கொண்டு ஓட்டிய மகளிரைக் குறிஞ்சித்திணைப் பாடல்கள் நமக்குக் காட்டுகின்றன. பின்வந்த புலவர்களோ அக்கிளியையே தூதாக விடுத்தனர். பலபட்டடைச் சொக்கநாதப் புலவரின் ‘அழகர் கிள்ளைவிடு தூது’ அவ்வகையுள் பலரும் அறிந்தது. புனத்தினின்று விரட்டப்பட்ட கிளியும் சிறகுடையது; தூது சென்ற கிளியும் சிறகுடையது. ‘விடு தூது’ என்னும் பெயரிலேயே விடுதலை அடங்கியிருக்கிறது. கூண்டில் அடைபட்ட கிளியைத் தூதனுப்ப எந்தப் புலவனாலும் இயலாது.

இவற்றையெல்லாம் ஆண்டுதோறும் பாடம் சொல்லி வரும் யாமே, ஒரு கூண்டுக்கிளியைப் பள்ளிக்கு வரவழைத்தோம் என்பதை ஈண்டு ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

சிறுவன் கேட்ட வினா

சில ஆண்டுகளுக்கு முன், நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்பொருட்டு எம் மாணவர்களுடன் ஒரு சிற்றூரில் தங்கியிருந்தோம். அவ்வூர்த் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை ஒருநாள் மகிழ்விக்க விரும்பி, பேசும் கிளி வளர்த்து வந்த அன்பர் ஒருவரை வேண்டினோம். அவரும் மனமுவந்து கூண்டுடன் வந்தார். கூண்டைத் திறந்து கிளியைத் தம் தோளில் அமர்த்தினார். “வாங்க, வாங்க” என்று அது அழைத்தபோது வகுப்பறையே அதிர்ந்தது. வகுப்பில் வாய் திறவாதவள் என்று ஆசிரியையால் எமக்குச் சொல்லப்பட்ட சிறுமி ஒருத்தி, அருகே சென்று தன் பெயரைக் கிளியிடம் மெல்லச் சொன்னாள். அதைக் கண்டு யாம் நெகிழ்ந்து நின்றோம்.

அப்போது மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எழுந்தான்.

“ஐயா, இது ஏன் பறக்கவில்லை?”

“பறந்து போய்விடாதிருக்க இறகை வெட்டியிருக்கிறேன், தம்பி.”

“வலிக்காதா?”

“நகம் வெட்டுவது போலத்தான், வலிக்காது.”

“அப்படியானால், பூனை வந்தால் இது என்ன செய்யும்?”

அன்பர் எம்மைப் பார்த்தார். யாம் தலைமையாசிரியரைப் பார்த்தோம். விடை சொல்வார் எவருமிலர். இனிப்பு வழங்கி நிகழ்ச்சியை முடித்தோம்.

யாம் கற்றவை

விடை தேடப் புகுந்தபோதுதான் எம் அறியாமையின் அளவு எமக்கே தெரிந்தது. நம் ஊர்களில் காணப்படும் செந்தார்ப் பைங்கிளியை வீட்டில் வைத்து வளர்ப்பது, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அப்பறவை இரண்டாம் அட்டவணையில் வைக்கப்பட்டது. அத்திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. மரப்பொந்துகளில் கண் திறவாத குஞ்சுகளாக இருக்கும்போதே கிளிகள் திருடப்படுகின்றன. சந்தைக்கு வந்து சேர்வது ஒன்றென்றால், வழியிலேயே மடிவன வேறு. கூண்டுக்கிளியை நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே நிறுத்திப் பாராட்டிய யாம், நாற்பது பிள்ளைகளின் உள்ளத்திலும் அதுபோல் ஒன்று வேண்டும் என்னும் ஆசையை விதைத்தோம் அல்லவா? அவ்வாசையை நிறைவேற்ற யாரோ ஒருவர் பனைமரம் ஏறுவார்.

அன்று அக்கிளி இறகுகளை உடலோடு ஒட்டி, நிமிர்ந்து, அசையாமல் நின்றது. ‘என்ன மிடுக்கு!’ என்று வியந்தோம். பறவைகளை அறிந்தவர்கள் அந்நிலையை அச்சத்தின் அடையாளம் என்கின்றனர். அஞ்சி நின்ற உயிரைப் பார்த்து யாம் கைதட்டினோம். அதன் எச்சத்தூளின் வழியே கிளிக்காய்ச்சல் எனப்படும் நோய் மனிதரின் நுரையீரலைத் தாக்கக்கூடும் என்பதையும் அன்று எண்ணிப் பார்த்தோமில்லை.

கிளி ஏன் பேசுகிறது? எம்மை நெடுநாள் வருத்தியது இவ்வினாவே. கிளி கூட்டமாய் வாழும் பறவை. தன் கூட்டத்தின் குரலைக் கேட்டுக் கற்றுக்கொள்வது அதன் இயல்பு. வெனிசுவேலா நாட்டுச் சிறுகிளிகள் சிலவற்றை ஆராய்ந்தோர், ஒவ்வொரு குஞ்சுக்கும் உரிய தனி அழைப்பொலியை அது பெற்றோரிடமிருந்தே பெறுகிறது என 2011இல் வெளியிட்டனர். கிளிகளுக்குள் பெயர் சூட்டும் வழக்கம் உண்டு என்றே இதனைக் கொள்ளலாம். கூட்டத்தினின்று பிரிக்கப்பட்ட கிளி, நம்மைத் தன் கூட்டமாகக் கொண்டு நம் ஒலியைக் கற்கிறது. அன்று அது “வாங்க” என்றது நமக்கு வேடிக்கை. அதற்கோ அது துணை தேடும் குரல்.

கிளியின் அறிவைக் குறைத்து மதிப்பிடுதலும் தவறு. அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் 1977இல் வாங்கிய ‘அலெக்ஸ்’ என்னும் ஆப்பிரிக்கச் சாம்பல்நிறக் கிளி, 2007இல் இறக்கும் வரை முப்பது ஆண்டுகள் பயிற்சி பெற்றது. நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்டால் பொருளறிந்து விடை கூறியது. நாமோ, பொருளறியாமல் ஒப்பிப்பவனைக் ‘கிளிப்பிள்ளை’ என்கிறோம். உண்மையில் அப்பெயர் பொருந்துவது கிளிக்கன்று. சொன்னதைச் சொல்லப் பழக்கி, அதையே கல்வி என்று கொள்ளும் நம் வகுப்பறைகளுக்கே. அன்று அவ்வறையில் ஒப்பிக்காமல் தானே சிந்தித்துப் பேசியவன் அச்சிறுவன் ஒருவனே. அவனுக்கு யாம் அளித்த விடை இனிப்பு!

ஐயமும் தெளிவும்

“பேசாத சிறுமியையும் பேசவைத்ததே அக்கிளி, அது நன்மையன்றோ?” என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. உயிர்களின் அண்மை குழந்தையின் உள்ளத்தைத் திறக்கும் என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயினும் ஓர் உயிரின் சிறகை வெட்டித்தான் மற்றோர் உயிரின் வாயைத் திறக்க வேண்டுமோ? அப்பள்ளியைச் சுற்றிலும் ஆடும் கோழியும் இருந்தன. அணிலும் காக்கையும் இருந்தன. அச்சிறுமி பேசியது அன்போடு தன்முன் வந்து நின்ற ஓர் உயிரிடம். அவ்வன்புடன் அவள்முன் நிற்க ஆசிரியருக்கும் இயலும்.

“வளர்த்த கிளியை உடனே பறக்கவிட்டால் போதுமே” என்பாரும் உளர். அதுவும் பிழை. இறகு வெட்டப்பட்டு, இரை தேட அறியாத பறவையை வெளியே விடுதல் அதனைக் காகத்துக்கும் பூனைக்கும் இரையாக்குதலே ஆகும். வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. எம் அன்பரும் சட்டத்தை அறிந்தபின் சில நாள் தயங்கி, பின்னர் அவ்வாறே செய்தார். அவர் கண்கலங்கியதை யாம் கண்டோம். அவர் தீயவரல்லர், அறியாதவர். அவரை அழைத்த எமக்கே பிழையில் பெரும்பங்கு உண்டு.

கிளியிடம் செல்வோம்

கிளியைப் பிள்ளைகளிடம் கொண்டு செல்வதினும் பிள்ளைகளைக் கிளிகளிடம் அழைத்துச் செல்வதே சிறந்தது என்பது எமது துணிபு. இதற்குப் பொருட்செலவு இல்லை. சென்னை இராயப்பேட்டையில் ஒருவர் தம் மொட்டை மாடியில் நாள்தோறும் அரிசி வைத்து, ஆயிரக்கணக்கான கிளிகளைப் பல ஆண்டுகள் விருந்தோம்பினார். பெருநகரத்தின் நடுவே கூண்டின்றி இது கைகூடுமெனில் சிற்றூர்களில் கைகூடாதா?

மறு ஆண்டு முகாமின்போது அப்பள்ளிப் பிள்ளைகளை மாலையில் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றோம். பட்டுப்போன பனையின் பொந்திலிருந்து ஒரு கிளி தலை நீட்டியது. அடையச் சென்ற கூட்டத்தை எண்ணச் சொன்னோம். எண்ணிக்கையில் ஒருவருக்கொருவர் உடன்படாமல் பிள்ளைகள் வழக்காடினர். கழுத்தில் வளையமுள்ளது ஆண், இல்லாதது பெண் அல்லது இளங்கிளி என்று அறிந்தனர். அச்சிறுமி அன்றும் பேசவில்லை. ஆனால் அவள் குறிப்பேட்டில் பனைப்பொந்தும் அதில் ஒரு கிளியின் முகமும் இருந்தன. வல்லூறு ஒன்று வட்டமிட, கிளிகள் அனைத்தும் ஒருசேரக் கிளம்பி மறைந்தன. பழைய வினாவைக் கேட்ட சிறுவன் எம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவனுக்குரிய விடையை அவனே கண்டுகொண்டான்.

13ஆம் நூற்றாண்டின் பாரசீகக் கவிஞர் ஜலாலுத்தீன் ரூமி தம் மஸ்னவியில் ஒரு கதை கூறுகிறார். இந்தியாவுக்குப் புறப்பட்ட வணிகனிடம் அவனுடைய கூண்டுக்கிளி, அங்குள்ள கிளிகளுக்குத் தன் நிலையைச் சொல்லுமாறு வேண்டுகிறது. செய்தி கேட்ட கிளியொன்று செத்ததுபோல் விழுகிறது. அதை வணிகன் திரும்பி வந்து சொன்னதும் கூண்டுக்கிளியும் அவ்வாறே விழுகிறது; அவன் வெளியே எறிந்தவுடன் பறந்து மரக்கிளை சேர்கிறது. செத்தாலன்றி வெளியேற இயலாது என்பதே இந்தியக் கிளி அனுப்பிய செய்தி!

அத்தகைய தூது இனி எந்தக் கிளிக்கும் தேவைப்படாதிருக்க வேண்டும். அதற்கான பாடம் தொடக்கப்பள்ளியில் தொடங்கட்டும். அதனைக் கற்பிக்கும் முன் ஆசிரியராகிய நாம் கற்போமாக!