உறுதியா, பெமிட்டா?



சவளக்கடையிலோ சாளம்பைக்கேணியிலோ மத்தியமுகாமிலோ கலியாணப் பேச்சு நடக்கிற வீட்டில் காது கொடுத்துக் கேளுங்கள். தேத்தண்ணி வந்து, பிள்ளை எதுவரை படித்தது, மாப்பிள்ளை கத்தாரில் எத்தனை வருசம் என்ற விசாரிப்பெல்லாம் ஓய்ந்து, பேச்சு வீடு வளவுக்குத் திரும்பும்போது பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்: "வளவு உறுதியா, பெமிட்டா?" பதில் 'உறுதி', அதாவது சொந்த உரித்துப் பத்திரம், என்றால் அந்தப் பக்கத்துக் கதிரைகள் கொஞ்சம் நிமிரும். 'பெமிட்' என்றால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். "பெமிட்டெண்டாலும் நாப்பது வருசமா இருக்கிற வளவு" என்று பெண்வீட்டார் அவசரமாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

இந்தப் பெமிட்டைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதத் தோன்றியது. தமிழ்நாட்டில் 'பர்மிட்' என்பார்கள். நாங்கள் வெள்ளைக்காரனிடம் கேட்டபடியே 'ர்' இல்லாமல் எடுத்துக்கொண்டோம். அனுமதிப்பத்திரம் என்று நல்ல தமிழ்ச் சொல் கந்தோர்ப் படிவங்களில் இருக்கிறது, ஆனால் கந்தோர் வாசலைத் தாண்டி வெளியே வந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் பெமிட் இல்லாமல் நகராத பொருள்களை எண்ணிப் பாருங்கள். பஸ் ஓட ரூட் பெமிட். ஆற்று மண் ஏற்ற மண் பெமிட். மாடு ஏற்றிக்கொண்டு போகிற லொறியைப் பொலிஸ் மறித்தால் முதலில் கேட்பது மாட்டுப் பெமிட். உங்கள் வளவில் நீங்களே நட்டு, நீங்களே தண்ணீர் ஊற்றி வளர்த்த பலா மரத்தைத் தறிக்கவும் பெமிட் வேண்டும். பலா, ஈரப்பலா, பெண்பனை இவற்றைக் காப்பதற்கென்று 1951இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். பெரிய இடத்துப் பெமிட்டுகள் வேறு. வரியில்லாமல் வாகனம் இறக்கும் பெமிட் பாராளுமன்ற உறுப்பினர்களுக்குக் கிடைத்ததும், அது கைமாறிக் காசானதும் நாடே பேசிய கதை. 2024 தேர்தல் காலத்தில் 'பார் பெமிட்' யார் யாருக்குப் போனது என்பதே மேடைப் பேச்சாக இருந்தது. ஒரே சொல்தான், மாட்டுக்காரனிடம் அது பயம், மந்திரியிடம் அது வருமானம்.

ஆங்கிலத்தில் இது அவ்வளவு பெரிய ஆள் இல்லை. லத்தீன் வேரிலிருந்து வந்த சாதாரணச் சொல், 'ஊடாகப் போகவிடு' என்பது அதன் அடிப்பொருள். வினையாகச் சொன்னால் அழுத்தம் பின்னுக்கு விழும். கடதாசியைக் குறித்தால் அழுத்தம் முன்னுக்கு வரும். எங்கள் வாயில் எல்லாம் ஒன்றுதான், ஏனென்றால் எங்களுக்கு வேண்டியது கடதாசி மட்டும். காலநிலை 'பெமிட்' பண்ணினால் கூட்டம் நடக்கும் என்று ஆங்கில அறிவித்தல்களில் போடுவார்கள். அதையே நாங்கள் காலநிலை இடங்கொடுத்தால் என்கிறோம். மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும்போது இக்கரையில் நின்று கல்முனையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இடையில் ஒரு வேடிக்கை. புளோரிடாப் பக்கத்துக் கடலிலும் கரிபியன் கடலிலும் பெமிட் என்ற பெயரில் ஒரு மீன் இருக்கிறது, எங்கள் பாரைக் குடும்பத்து மீன். 'பலோமெட்டா' என்ற ஸ்பானியப் பெயர் ஆங்கிலக் காதில் விழுந்து இப்படித் திரிந்ததென்று சொல்வார்கள். கல்முனைக்குடிக் கரைவலைக்காரர்களிடம் சொன்னால், மீன்பிடிக்கத்தான் பெமிட் கேட்டார்கள், இப்போது மீனே பெமிட்டாகிவிட்டதா என்று சிரிப்பார்கள்.

இந்தியாவிலும் இந்தச் சொல் சும்மா இருக்கவில்லை. எதற்கெடுத்தாலும் அரசாங்கக் கடதாசி கேட்ட ஆட்சிமுறையை 'லைசன்ஸ் பர்மிட் ராஜ்' என்று வைதவர் ராஜாஜி. அந்த எதிர்ப்பை வைத்தே 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். மும்பாயில் குடிப்பவர் கையில் பர்மிட் இருக்க வேண்டுமென்று மதுவிலக்குச் சட்டம் சொன்னதால், அங்கே சாராயக் கடைப் பலகைகளில் இன்றும் 'பர்மிட் ரூம்' என்றுதான் எழுதியிருக்கும். எங்கள் நாட்டில் 1970களின் தட்டுப்பாட்டுக் காலத்தை முதியவர்களிடம் கேளுங்கள். நெல் விளைகிற மண்ணிலிருந்து கொழும்பில் இருக்கிற மகனுக்கு அரிசி கொண்டுபோவதே தடைச்சாவடிக் காரியமாக இருந்தது.

இதெல்லாம் வந்துபோகிற பெமிட்டுகள். காணிப் பெமிட் அப்படியல்ல. அது பிறந்தது 1935இல், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தோடு. அப்போது விவசாய, காணி அமைச்சராக இருந்தவர் டீ.எஸ். சேனாநாயக்க. ஏழைக் குடியானவனுக்கு முடிக்குரிய காணியைக் கையில் கொடுத்தால் இரண்டு போகம் பிழைத்ததும் கடன்காரனிடம் எழுதிக் கொடுத்துவிடுவான் என்ற பயம் அந்தச் சட்டத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் விற்காதே, ஈடு வைக்காதே, குத்தகைக்குக் கொடாதே, துண்டு போடாதே, எதுவானாலும் கேட்டுச் செய் என்று நிபந்தனைகளை அடுக்கிவிட்டுத்தான் காணியைக் கொடுத்தார்கள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்ற பழமொழியை அந்தச் சட்டம் எழுதியவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள், ஆனாலும் எழுத்தெல்லாம் அந்தப் பயத்தோடுதான் இருக்கிறது. அன்றைக்கு அது நியாயமான பயம் என்றே நினைக்கிறேன். போடிமார் கையில் வயல் குவிந்த கதை எங்களுக்குத் தெரியாததா?

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை வந்தது. எங்கள் முன்னோர் பட்டிப்பளை ஆறு என்று அழைத்த ஆற்றை இங்கினியாகலவில் அமெரிக்கக் கம்பனி ஒன்று அணைகட்டி மறித்தது. சேனாநாயக்க சமுத்திரம் நிரம்பியது, வாய்க்கால்கள் இறங்கின, காடு வயலானது. குடியேற்றங்களுக்குப் பெயர் வைக்கக்கூட நேரமில்லாமல் இலக்கம் போட்டார்கள். 4ம் கொலனி, 11ம் கொலனி, 12ம் கொலனி, 15ம் கிராமம் என்று நாவிதன்வெளிப் பிரதேசத்தில் இன்றும் அவைதான் ஊர்ப் பெயர்கள். காணிக் கச்சேரியில் பெயர் கூப்பிட்டவர்களுக்கு ஆளுக்கொரு கடதாசி கிடைத்தது. எங்கள் வட்டைகளில் பாதிக் கதை அந்தக் கடதாசியில் இருந்து தொடங்குகிறது.

அந்தக் கடதாசிகளில் ஒன்று அண்மையில் என் மேசைக்கு வந்தது. கொண்டுவந்தவர் ஐம்பது வயது தாண்டிய ஒரு ராத்தா. பொலித்தீன் பைக்குள் பை, அதற்குள் சாரன் துணியில் சுற்றிய பெமிட். நாலாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் பிரிந்து, பின்பக்கம் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. மேலே இலச்சினை, நடுவில் ஏக்கர், றூட், பேர்ச் என்று விஸ்தீரணம், கீழே இலக்கமிட்ட நிபந்தனைகள். அவர் வாப்பா எழுதப் படிக்கத் தெரிந்தவர், ஒப்பம் அழகாகவே இருந்தது. ஆனால் பின்னுரித்தாளர் யார் என்று எழுத வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. "வாப்பா எல்லாம் வாயால சொன்னவர் தம்பி, இதில ஒண்டும் எழுதல்ல" என்றார். அந்த வளவில்தான் அவருக்குச் சீதன வீடு கட்டிக் கொடுத்தார்கள். வாப்பா போய்ச் சேர்ந்து காலமாகிவிட்டது. சட்டப்படி வளவு மூத்த காக்காவின் பெயருக்குப் போய், இப்போது காக்காவும் இல்லை. "அவர் இருந்தவரைக்கும் ஒரு நாளும் ஒண்டும் கேக்கல்ல" என்று ராத்தா மறுபடி மறுபடி சொன்னார். கேட்பது காக்காவின் பிள்ளைகள்.

இங்கேதான் அந்த ஆங்கிலச் சொல் எங்கள் ஊர் வழக்கத்தின் நெஞ்சில் இடிக்கிறது. மட்டக்களப்பில் இருந்து பொத்துவில் வரை சோனகரானாலும் தமிழரானாலும் வீடு பெண்ணுக்குத்தான். குடி தாய்வழி, மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். இதை அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து எழுதிய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரேயின் பெரிய நூல் 2008இல் வெளிவந்தது. எங்கள் உம்மாமாருக்கு அது நூல் பார்த்துத் தெரிய வேண்டிய விசயமல்ல. ஆனால் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை வேறு கணக்குப் போட்டது. பின்னுரித்தாளர் பெயர் எழுதப்படாமல் பெமிட்காரர் இறந்தால், மனைவி உயிரோடு இருந்தால் அவர் ஆயுள்வரை இருக்கலாம், அதற்குப் பிறகு ஆண் முந்தி, பெண் பிந்தி. மூத்தவர் முந்தி, இளையவர் பிந்தி. பெண்ணுக்கு வீடு கொடுக்கிற ஊரில் பெண்ணைப் பின்னால் நிற்கச் சொன்ன சட்டம் எண்பது வருசத்துக்கு மேல் அப்படியே இருந்தது. ஆண், பெண் என்ற அந்த வேறுபாடு 2022இல் வந்த திருத்தச் சட்டத்தோடுதான் நீங்கியது.

மார்க்கப்படி பங்கு பிரித்துக்கொள்வோமே என்று கேட்கிறவர்களும் உண்டு. இலங்கை முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு 1931இல் இருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, உறுதிக் காணிக்கு அது செல்லும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த காணிக்கு வேறெந்த வாரிசுரிமைச் சட்டமும் பொருந்தாது என்று அந்தச் சட்டமே கதவைச் சாத்திவிட்டது. மௌலவியிடம் கேட்டு மனதுக்கு நியாயமாகப் பிரித்துக்கொண்ட குடும்பங்கள் பல உண்டு, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கந்தோரில் ஒரு பெயர்தான் இருக்கும். வெள்ளைக் கடதாசியில் எழுதி வாங்கியவரும், அட்டோனி முடித்து வாங்கியவரும், வாங்கிய இடத்தில் மாடி கட்டியவரும் இதே நிலையில்தான் நிற்கிறார்கள்.

நிபந்தனைகளை நிறைவேற்றியவர்களுக்குப் பெமிட்டை அளிப்புப் பத்திரமாக மாற்றிக் கொடுப்பார்கள். சுவர்ணபூமி, ஜயபூமி என்று ஆட்சிக்கொரு பெயரில் அவை வந்தன. எங்கள் ஆட்கள் அதை 'கிராண்ட்' என்பார்கள். சுவரில் சட்டம் போட்டு மாட்டுகிற அளவுக்குப் பெருமை. அதிலும் விற்பனைக் கட்டுப்பாடு, பின்னுரித்து எல்லாம் பின்தொடர்கின்றன என்பது பலருக்கு வங்கிக் கடன் கேட்டுப் போகும்போதுதான் தெரியவரும். 2024இல் 'உறுமய' என்ற பெயரில் முழு உரித்தே தருவதாகச் சொன்னார்கள். என் கருத்தைக் கேட்டால், மூன்று தலைமுறை உழுதவனிடம் இன்னும் 'இருக்க விட்டிருக்கிறோம்' என்று எழுதிய கடதாசியை வைத்திருக்கச் சொல்வது சரியல்ல. கடன்காரனுக்குப் பயந்து போட்ட பூட்டு, பிள்ளைகளின் கடனுக்கும் கலியாணத்துக்கும் குறுக்கே நிற்கிறது. ஆனால் பூட்டைத் திறந்தால் காசுள்ளவன் கைக்கு வயல் போய்விடும் என்று சொல்கிற விவசாயிகளும் எங்கள் வட்டைகளில் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தையும் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் இடம் இருக்கிறது.

சட்டம் எப்போது மாறும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. இரும்புப் பெட்டியிலோ அலுமாரியிலோ கிடக்கிற பெமிட்டை எடுத்துப் பாருங்கள். பின்னுரித்தாளர் பெயர் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால், பெமிட் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கண்ணோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்துக் காணிப் பிரிவுக்குப் போய் எழுதிப் பதியச் சொல்லுங்கள். கிராண்ட் என்றால் காணிப் பதிவகத்திலும் பதிய வேண்டும். உரித்தாளர் இறக்கும் முன் பதியப்படாத நியமனம் செல்லாது. வாயால் சொன்னது கணக்கிலேயே வராது. யாரை வேண்டுமானாலும் போட முடியாது, கணவன் மனைவி அல்லது சட்டம் குறித்த உறவினராக இருக்க வேண்டும். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்த வளவென்றால் மகளின் பெயரைப் போடுங்கள். போட்ட பெயரைப் பிறகு மாற்றவும் வழியுண்டு, ஆகவே பயம் வேண்டாம். நியமிக்கப்பட்டவர் வெளிநாட்டில் இருந்தால் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: உரித்தாளரோ, ஆயுள்வரை இருக்கிற அவர் துணையோ இறந்து ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்காவிட்டால் உரித்து கைநழுவலாம்.

வாசித்து விளங்கிக்கொள்ள எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள். அசலை வீட்டில் வைத்துவிட்டுப் போட்டோக் கொப்பியைக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்