கைப்பக்குவத்துக்குக் கூலி எங்கே?

பழைய ஹோண்டா கப் மோட்டார்சைக்கிளில் வால்வு இடைவெளி 0.05 மில்லிமீட்டர். ஒரு தலைமயிரின் பருமன்! எஞ்சின் ஆறியிருக்கையில் அளவுத் தகட்டை உள்ளே விட்டு இழுத்தால், இலேசாகப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். இறுகினால் வால்வு சரியாக மூடாமல் கருகும். தளர்ந்தால் 'டிக் டிக்' என்று கத்தும். அந்த 'இலேசு' எவ்வளவு? புத்தகம் சொல்லாது. மூத்தவர் பக்கத்தில் நின்று நூறு தடவை இழுத்துப் பார்த்த விரலுக்குத்தான் தெரியும். (தகட்டை வீசிவிடலாம் என்று எவரும் எண்ணவேண்டாம்!)

சிராங்கூன் சாலைக்கு அருகே, மலிவாகப் பழைய சாமான் கிடைத்த சுங்கை ரோட்டுச் சந்தையும் 10-7-2017இல் மூடப்பட்டது. ஏழைப் பையன் ஸ்பேனர் வாங்க ஓரிடம் குறைந்தது.

தோழர்களே, உள்மரத்தில் காயம் படாமல், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை மிச்சம்விட்டுச் சீவுகிற பால்வெட்டுத் தொழிலாளிக்கு இந்தக் கணக்குப் புதிதா? அவரையா 'திறன் இல்லாதவர்' என்பது? நான் பேனா பிடிக்கும் கிராணி. என் விரலுக்கு அது வராது.

சிங்கப்பூரில் 1992இல் அமைந்த தொழில்நுட்பக் கல்விக் கழகம் பட்டறையில் கையைப் பழக்கிச் சான்றிதழ் தருகிறது. தோட்டத்துப் பட்டறையில் இருபதாண்டு பழகிய கைக்கு யார் தருவது? கையைச் சோதியுங்கள், சான்றிதழ் கொடுங்கள், அதற்கேற்ற சம்பளமும் கொடுங்கள் என்று அடுத்த சம்பளப் பேச்சிலேயே நாம் கேட்கவேண்டும்.