பூட்டிய பீரோ



போன மாதம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியர் அறையை ஒட்டி ஓர் இரும்பு பீரோ. கதவில் வெள்ளைப் பெயின்டில் 'நூலகம்'. சாவியைத் தேடிக் கொண்டுவரக் கால்மணி நேரம் ஆயிற்று. உள்ளிருந்த ஒரு கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். தேதிச் சீட்டில் கடைசி முத்திரை 2016.

"எங்க சார் படிக்குதுங்க, எல்லாம் போன்தான்" என்றார் உடனிருந்த ஆசிரியர். நம் எல்லோர் வாயிலும் வரும் பேச்சுதான் இது. பாதி உண்மையும்கூட. ஆனால் அந்தப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புக் கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளை இருக்கிறது. அதைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கணக்கு ஆசிரியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்துக்கு நாளை பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

அந்த வகுப்பில் ஒரு பையன் சமூக அறிவியல் பாடத்தை வாசித்துக் காட்டினான். வரிக்குக் கீழே விரல். 'பொருளாதாரம்' என்ற சொல்லை மூன்று துண்டாக்கித்தான் கடந்தான். பத்தி முடிந்ததும் என்ன புரிந்தது என்று கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டான். எழுத்துக் கூட்டுவதிலேயே கவனம் தீர்ந்துபோனால் பொருளுக்கு என்ன மிஞ்சும்? பிறகு பையிலிருந்த செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைக் கொடுத்தேன். அதே பையன், விரல் இல்லாமல் வாசித்தான். எந்த ஓவரில் ஆட்டம் கைநழுவியது என்று எனக்கே விளக்கினான்.

அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் 1988இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 64 பேருக்கு ஒரு பேஸ்பால் ஆட்ட வருணனையைப் படிக்கக் கொடுத்து, படித்ததைச் சிறு மைதான மாதிரியில் பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட, வாசிப்பில் பின்தங்கி ஆட்டம் தெரிந்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். தெரிந்த விஷயம் கையைப் பிடித்து அழைத்துப் போகிறது. அப்படியானால் ஒவ்வொரு பிள்ளையும் நுழைவதற்குத் தனித்தனி வாசல் வேண்டும். வகுப்பு முழுவதற்கும் ஒரே பாடநூல் போதாது.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த காரியம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ரோஷம் அதிகம். 'நட' புத்தகம் கையிலிருப்பதைப் பக்கத்துப் பெஞ்ச் பார்த்துவிட்டால் அதை அன்றே பைக்குள் ஒளித்துவிடும். எந்தப் படி என்பது அந்தப் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

வீட்டுக்கு வருவோம். தமிழில் பரீட்சைக்குப் படிப்பதும் படிப்புதான், கதை படிப்பதும் படிப்புதான். ஆனாலும் "படிக்காம என்னடி கதப்புத்தகம்?" என்று கேட்கிறோம். நானும் என் மகளிடம் கேட்டிருக்கிறேன். எட்டாம் வகுப்புவரை புத்தகக் கண்காட்சிக்குக் கூட்டிப்போன அதே கை, ஒன்பதாம் வகுப்பில் கதைப் புத்தகத்தைப் பிடுங்கிப் பரணில் போடுகிறது. காலையில் டியூஷன், மாலையில் டியூஷன். கிளை நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் பிள்ளைக்கு ஓய்வில்லை. பழக்கம் இப்படித்தான் அறுந்துபோகிறது என்று நினைக்கிறேன். போன் வந்து உட்காருவது அந்தக் காலி இடத்தில்.

சுதந்திர இந்தியாவில் முதலில், 1948இல், பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாகக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தக் காசுக்கு வாங்கிய புத்தகங்கள் உங்கள் தெருவுக்கு அருகிலேயே இருக்கக்கூடும். இந்த ஞாயிற்றுக்கிழமை நூலகம் திறந்திருந்தால் பிள்ளையோடு போய்வாருங்கள். எதை எடுப்பது என்பதை மட்டும் அவர்களிடமே விட்டுவிடுங்கள்; கார் பத்திரிகையோ, பேய்க்கதையோ, எதுவாக இருந்தாலும்.

அடுத்த இதழில் இரண்டு பக்கங்களை உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென ஒதுக்கியிருக்கிறோம். தானாகத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை படித்த ஒரு புத்தகத்தைப் பற்றி அவர்களே எழுதட்டும். பெற்றோர் பிழை திருத்த வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்