ட்ரொலி வாங்கும்போது சில்லைப் பாருங்கள்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி ஊடாக மட்டக்களப்பு செல்லும் ஏ4 வீதியிலிருந்து எம்பிலிப்பிட்டிய வீதி பிரிகின்ற இடம் பெல்மதுளை. நாளெல்லாம் சரக்கு ஏறி இறங்கும் ஊர். ஹாட்வெயார் கடை, பேக்கரி, அரிசிக் களஞ்சியம், சுற்றிவரவுள்ள தேயிலைத் தொழிற்சாலை என எங்கும் ட்ரொலி தேவை. ஆனால் ட்ரொலி வாங்கும்போது தகட்டைத் தட்டிப் பார்க்கும் நம்மவர்கள், கீழேயுள்ள சுழல் சில்லைக் குனிந்து பார்ப்பதில்லை. பத்துக் கடை ஏறி மலிவானதையே தேடுகின்றனர். இது சிக்கனமல்ல, நட்டம் என்பதே எனது கருத்து.

முதலில் பாரத்தைக் கணக்கிட வேண்டும். 50 கிலோ ட்ரொலியில் 50 கிலோ சீமெந்துப் பை ஐந்து ஏற்றினால் மொத்தம் 300 கிலோ. நான்கு சில்லுதானே என்று நான்கால் வகுத்து, 75 கிலோ தாங்கும் சில்லை வாங்கக் கூடாது. தரை மேடு பள்ளமானால் ஒரு சில்லு அந்தரத்தில் நிற்கும். பாரம் மற்ற மூன்றிலும் விழும். எனவே மூன்றால் வகுத்து, 100 கிலோவுக்குக் குறையாததை வாங்க வேண்டும்.

அடுத்தது தரை. நைலோன் சில்லு பாரத்தோடு இலகுவாக உருளும். ஆனால் சத்தம் போடும், மாபிளைக் கீறும். றப்பர் சத்தமின்றி ஓடும். பாரத்தோடு பல நாள் ஓரிடத்தில் நின்றால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். பொலியூரித்தேன் தரையைக் காக்கும், பாரமும் தாங்கும். விலை சற்றுக் கூட. பேக்கரிப் போறணைக்குள் போகும் ரெக்குக்கு, வெப்பம் தாங்கும் சில்லு என்று கேட்டே வாங்க வேண்டும். 75 மில்லிமீற்றர் சில்லு தடக்கி நிற்கும் கொங்கிறீட் வெடிப்பை 125 மில்லிமீற்றர் சில்லு இலகுவில் கடந்துவிடும்.

நமது பகுதி மலைச்சரிவு. நான்கும் சுழலும் சில்லாக இருந்தால், நெருக்கமான கடைக்குள் திருப்ப வசதி. சரிவில் வண்டி பக்கவாட்டில் இழுக்கும். அங்கே இரண்டு நிலையான சில்லும், கைபிடிப் பக்கம் இரண்டு சுழல் சில்லுமே நல்லது. பிறேக்கும் சில்லை மட்டும் பிடித்தால் போதாது. சுழலும் தலையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

இரத்தினபுரிப் பக்கம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. தொழிற்சாலைத் தரையோ அடிக்கடி கழுவப்படுகிறது. ஈரத்தில் சாதாரண இரும்புச் சில்லின் சுழலும் தலை துருப்பிடித்து இறுகிவிடும். அத்தகைய இடத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே ஏற்றது. மற்றவற்றுக்குக் காலம் தவறாமல் கிறீஸ் இட வேண்டும்.

இறுகிய சில்லைத் திருப்புவது முதலாளியல்ல. கூலிக்கு நிற்கும் தொழிலாளியின் இடுப்பும் தோளும்தான் அதைத் திருப்புகின்றன. பாரத்தோடு சில்லு உடைந்தால் நசுங்குவதும் அவரது கால்தான். மலிவில் மிச்சம்பிடித்த ரூபாவை அவரே வேதனையாகச் செலுத்துகிறார். இது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பதியப்படுவதில்லை.

விற்பவருக்கும் இதில் பொறுப்புண்டு. எவ்வளவு பாரம், எந்தத் தரை, தண்ணீர் படுமா என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமல் சில்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். தாங்கும் பாரம் குறிப்பிடப்படாத சரக்கைக் கொள்வனவு செய்து கடையில் அடுக்காதீர்கள். கேட்டு விற்கும் கடைக்கே வாடிக்கையாளர் மறுபடியும் வருவார்.