தொடுகிற வைத்தியமும் தொடாத தெருவும்

உடலைத் தொடாமல் செய்ய முடியாத வைத்தியம் பிசியோதெரபி. மருந்துச் சீட்டைத் தூர நின்று நீட்டிவிடலாம். விறைத்துப்போன பிள்ளையின் காலைத் தூர நின்று நீட்ட முடியாது. பிடிக்க வேண்டும். மடியில் கிடத்த வேண்டும். பக்கத்தில் தரையில் உட்கார வேண்டும். தொட்டால் தீட்டு என்று தலைமுறை தலைமுறையாய்ப் பாடம் நடத்திய சமூகத்தில் இந்த வைத்தியம் யாருக்குக் கிடைக்கும் என்பது மருத்துவக் கேள்வி மட்டுமா?

மூளை முடக்குவாதத்தை எடுத்துக்கொள்வோம். பிறக்கும் முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச காலத்துக்குள்ளோ வளரும் மூளைக்கு நேர்ந்த பாதிப்பு. அந்தப் பாதிப்பு மேலும் பரவுவதில்லை. ஆனால் கவனிக்காமல் விட்டால் தசை இறுகும், மூட்டு மடங்கியபடி நின்றுபோகும், இடுப்பு மூட்டு விலகும். இது முன்ஜென்மப் பாவமல்ல. தாய் கிரகணத்தில் வெளியே வந்த குற்றமும் அல்ல. சேரியில் பிறந்ததையும் கால் மடங்கியதையும் ஒரே 'கர்ம' ஏட்டில் எழுதிய கணக்குப்பிள்ளைகளை நாம் அறிவோம்.

வாரத்துக்கு 168 மணி நேரம். ஆஸ்பத்திரியில் கிடைப்பது அரைமணி, மிஞ்சினால் ஒருமணி. மீதி நேரம் பிள்ளை வீட்டில்தான். குளிப்பாட்டும்போதும், சோறு ஊட்டும்போதும், இடுப்பில் தூக்கி வைக்கும்போதும் நடப்பதே பெரிய பயிற்சி. குடும்பத்தை மையமாக்கிய பிசியோதெரபி என்பதன் சாரம் இதுதான். பிள்ளை முதலில் எதைக் கற்க வேண்டும் என்பதைப் பெற்றவர்களும் பிள்ளையும் சொல்வார்கள்; நிபுணர் தன் அறிவோடு கூட நிற்பார். 1987இல் டேவிட் வெர்னர், மெக்சிகோ கிராமத்து அனுபவத்திலிருந்து, ஊனமுற்ற கிராமக் குழந்தைகளுக்காகப் படங்களோடு ஒரு புத்தகம் எழுதினார். உள்ளூர் மரத்திலும் மூங்கிலிலும் பயிற்சிச் சாதனம் செய்யச் சொல்லித் தந்தது அது. அறிவைப் பூட்டி வைப்பதற்கு எதிரான வேலை. படிப்பைப் பூட்டி வைத்தவர்களால் வதைபட்ட நமக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் 'குடும்பம்' என்றால் யார் குடும்பம்?

நான் வங்கிக் குமாஸ்தா. உதவித்தொகை எடுக்க, வளர்ந்த பிள்ளையை இடுப்பில் சுமந்து வரும் தாய்மாரைக் கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கிறவன். எங்கள் காலனி அக்கா ஒருவர் சொன்னார்: "ஒரு நாளைக்கு நாலு தடவ செய்யச் சொல்றாங்க தம்பி. நான் களையெடுக்கப் போயிட்டா யாரு செய்யிறது? செய்யலன்னா அடுத்த தடவ எனக்குத்தான் திட்டு." ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் அவருக்கு ஒருநாள் கூலி போச்சு. பயிற்சி தருகிறவர் ஊருக்கு வருவதும் உண்டு; ஊர்த்தெரு வரைக்கும். காலனிக்குள் வண்டி வர வழியில்லையாம். ஓட்டுக் கேட்கும் கார் மட்டும் எப்படி வருது?

காகிதத்தில் குறையில்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் வேண்டும் என்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் மூளை முடக்குவாதம் உட்பட 21 வகை ஊனங்களை அங்கீகரித்தது. கிராமத்து ஆட்களைப் பயிற்றுவித்து வீடுவீடாக அனுப்ப முடியும் என்பதற்குத் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம் சாட்சி. முடியாது என்று எவரும் சொல்ல வேண்டாம்.

நாம் கேட்போம். பயிற்சி காலனி வீட்டுத் தரைக்கு வர வேண்டும். காலனிப் பெண்களையே சம்பளத்தோடு இந்த வேலைக்குப் பழக்க வேண்டும். ஆஸ்பத்திரி போகும் நாளுக்குத் தாய்க்குக் கூலி வேண்டும். குடும்பம் என்ற பெயரில் அவளைச் சம்பளமில்லாத தெரபிஸ்டாக்கி, பிள்ளை நடக்காததற்கு அவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது. இதில் நம் ஆண்களுக்கும் பங்குண்டு தோழர்களே. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால் பிள்ளையின் காலைப் பிடிக்க அப்பனும் கற்றுக்கொள்ளட்டும்.

பட்டா, சுடுகாட்டுப் பாதை என்று நீளும் நம் கோரிக்கை மனுவில் அடுத்த வரியாக இதையும் எழுதுவோம்.