பிரிண்டர் ஆற்ற மேசையில இருக்குது?

எங்கட வீட்டுப் பிரிண்டருக்கும் எனக்கும் வயசில பெரிய வித்தியாசம் இல்லை. அண்ணா ஏ.எல் படிக்கேக்க, 2014இல, ஏதோ ஒரு அலுவலகத்தில கழிச்சு விட்டதை அப்பா குறைஞ்ச விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தவர். கறுப்பு வெள்ளை லேசர். வை-ஃபை இல்லை. நெட்வேர்க் கேபிள் குத்திற இடமும் இல்லை. பின்பக்கம் ஒரேயொரு யூஎஸ்பி ஓட்டை மட்டும்தான்.

போன வருசம் முழுக்க வீட்டுக்கு வந்த எல்லாரும் சொன்ன ஒரே அறிவுரை, “உந்தப் பழசை எறிஞ்சுபோட்டு வை-ஃபை பிரிண்டர் ஒண்டு வாங்குங்கோ” எண்டது. எனக்கு அதில உடன்பாடில்லை. எங்கட வீட்டில பிரச்சினை பிரிண்டர் பழசு எண்டதில்லை. அது ஒராளின்ர மேசையில இருந்தது எண்டதுதான். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதல்ல நடந்ததைச் சொல்லுறன். வீட்டில அச்சடிக்கிற தேவை நாலு பேருக்கு இருந்தது. அண்ணாவுக்கு அவற்ற வேலை. எனக்கு கம்பஸ் அசைன்மென்ட். தங்கச்சிக்கு ஓ.எல் பாஸ்ட் பேப்பர். அம்மா முன்பள்ளி ஆசிரியை. பிள்ளையளுக்கு நிறம் தீட்டுற தாள், எழுத்துப் பழகுற தாள் எண்டு கிழமைக்கு ஒருக்காலாவது 20, 30 பக்கம் வேணும். பிரிண்டர் அண்ணாவின்ர கம்பியூட்டரில குத்தியிருந்தது. அவர் விண்டோஸில அதை ‘ஷெயார்’ பண்ணி விட்டிருந்தார். என்ர லப்டொப்பில இருந்து வீட்டு ரவுட்டர் வழியா அவற்ற கம்பியூட்டருக்குப் போய், அங்கயிருந்து பிரிண்டருக்குப் போகும்.

கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா இப்பிடிப் பகிர்ந்தால், பிரிண்டர் வேலை செய்யிறதுக்கு நடுவில இருக்கிற கம்பியூட்டர் விழிச்சிருக்க வேணும். அண்ணா வெளியில போனால் அறை பூட்டு. கம்பியூட்டர் நித்திரை. போதாததுக்கு விண்டோஸில ‘பாஸ்வேர்ட் பாதுகாப்புள்ள பகிர்வு’ எண்டு ஒண்டு இருக்கு. அது போட்டிருந்தால் அந்தக் கம்பியூட்டரில கணக்கு இருக்கிற ஆள்தான் உள்ளுக்குப் போகலாம். வீட்டு நெட்வேர்க்கை ‘பப்ளிக்’ எண்டு தெரிவு செய்துவிட்டால் மற்றக் கம்பியூட்டர்களின்ர கண்ணுக்கே அது தெரியாது. ரவுட்டர் நேற்றுக் குடுத்த ஐபி முகவரியை இண்டைக்கு மாத்திக் குடுத்தால், முகவரியை வைச்சுப் பதிஞ்ச பிரிண்டரும் காணாமப் போயிடும். இதில எது நடந்தாலும் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வழி, “அண்ணா, ஒருக்கா வந்து பாருங்கோவன்” எண்டு கேக்கிறது.

கேட்டால் செய்து தருவார். அவர் கூடாத ஆள் இல்லை. ஆனா ஒவ்வொருமுறையும் கேக்கவேணும். “எத்தனை பக்கம்?” “இதெல்லாம் அடிக்கத்தான் வேணுமா?” எண்ட கேள்வி வரும். அம்மாவுக்கும் அதே கேள்விதான். தன்ர சம்பளத்தில டோனர் நிரப்பக் காசு குடுக்கிற அம்மா, 23 பிள்ளையளுக்கு முயல் படம் அடிக்க மகனிட்ட அனுமதி கேட்டுக்கொண்டு நிண்டதை நான் கண்டிருக்கிறன்.

பிறகு ஒருநாள் பெரிய விசயம் ஒண்டு நடந்தது. கொழும்பில ஆறு மாதப் பயிற்சி ஒண்டுக்கு விண்ணப்பிக்க நினைச்சன். வீட்டில சொல்லேல்லை, கிடைச்சால் சொல்லுவம் எண்டு இருந்தன். விண்ணப்பத்தை அச்சுக்கு அனுப்பினன். கடதாசி முடிஞ்சிருந்ததால அது வரிசையில நிண்டுட்டுது. பிரிண்டர் வரிசையைத் திறந்தால் கோப்பின்ர பேரும், அனுப்பின ஆளின்ர பேரும் நேர் நேராத் தெரியும். நான் கோப்புக்கு வைச்ச பேரிலயே ‘கொழும்பு’ இருந்தது. இரவுச் சாப்பாட்டில அப்பா கேட்டார்: “என்ன பிள்ளை, கொழும்புக்குப் போப்போறியாம்?”

அண்ணா கெட்ட எண்ணத்தில சொல்லேல்லை. வரிசை நிண்டுட்டுது எண்டு பார்க்கப் போனவர், கண்டார், சொன்னார். ஆனா அந்தக் கதையை நான் சொல்ல வேண்டிய நாளில, நான் சொல்ல வேண்டிய மாதிரிச் சொல்லுற வாய்ப்பு எனக்கு இல்லாமப் போச்சுது. அந்தச் சண்டை ரெண்டு கிழமை இழுபட்டது. விண்ணப்ப முடிவுத் திகதியும் அதுக்குள்ள போயிட்டுது.

அண்டைக்குத்தான் யோசிச்சன்: இது பகிர்வா? இல்லை, ஒருவர் வைச்சிருக்கிறதை மற்றவைக்குத் தாறது. ரெண்டும் ஒண்டில்லை. தாறவர் நல்லவராக இருந்தாலும், கேபிள் அவரின் பக்கம்தான் இருக்கிறது.

இந்த யோசினை எனக்கு மட்டும் வந்ததில்லை. 1980ஆம் ஆண்டளவில அமெரிக்காவின் எம்.ஐ.டி செயற்கை அறிவு ஆய்வுகூடத்திலும் ஒரு பிரிண்டரால்தான் கதை தொடங்கியது. ஆய்வுகூடத்தார் எல்லாரும் நெட்வேர்க் வழியாக ஒரு பிரிண்டரைப் பகிர்ந்தார்கள். அது அடிக்கடி கடதாசி இறுகி நின்றுவிடும். ஆனால் அது வேறொரு இடத்தில் இருந்ததால் போய்ப் பார்க்கும்வரை ஒருவருக்கும் தெரியாது. அங்கே வேலை செய்த ரிச்சர்ட் ஸ்டோல்மன், பழைய பிரிண்டருக்கு ஒரு வழி செய்து வைத்திருந்தார்: இறுகினால், அச்சுக்குக் காத்திருக்கிற எல்லாருடைய திரையிலும் செய்தி வரும், ஆராவது ஒருவர் எழும்பிப் போய்ச் சரிசெய்வார். பிறகு செரொக்ஸ் கம்பனி ஒரு புதிய லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. அதன் மென்பொருளின் மூலநிரல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அது இருந்த இன்னொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் போய்க் கேட்டபோது, வெளியில் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று மறுத்துவிட்டார். 1983இல் ஸ்டோல்மன் ‘க்னூ’ திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னாலிருந்த காரணங்களில் ஒன்றாக இந்தச் சம்பவத்தை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். இன்றைக்கு லினக்ஸ் என்று நாங்கள் சொல்லுகிற முறைமையின் முக்கியமான பகுதிகள் பல அந்தத் திட்டத்திலிருந்து வந்தவை.

அந்தக் கதையில எனக்குப் பிடிச்சது அந்தச் செய்திதான். பிரிண்டர் இறுகினால் அது ஒராளின்ர பிரச்சினை இல்லை, காத்திருக்கிற எல்லாரின்ர பிரச்சினை. ஆர் கிட்ட நிக்கிறாரோ அவர் போய்ச் சரிசெய்யலாம்.

அண்ணா வேலை மாறி வெளியூர் போன பிறகு அவற்ற கம்பியூட்டரும் அவரோட போட்டுது. பிரிண்டர் மூண்டு மாதம் தூசி பிடிச்சுக் கிடந்தது. அம்மா சந்திக் கடையில ஒரு பக்கம் 20 ரூபாவுக்கு அடிச்சுக்கொண்டு வருவா. என்ர லப்டொப்பில குத்திப் பார்த்தன், புதிய விண்டோஸுக்கு அந்தப் பழைய மொடலுக்கு டிரைவர் இல்லை. “எறி” எண்ட அறிவுரை தொடங்கினது அப்பதான்.

இதில விளங்கிக்கொள்ள வேண்டியது ஒண்டிருக்கு. மலிவான பழைய லேசர்கள் பலதுக்குச் சொந்தப் புத்தி குறைவு. பக்கத்தைப் புள்ளி புள்ளியாக மாத்துற வேலையைக் கம்பியூட்டரில இருக்கிற டிரைவர்தான் செய்யும். பிரிண்டர் அதை அப்பிடியே கடதாசியில இறக்கும். சிலதுக்கு நிப்பாட்டிப் போடுற ஒவ்வொருமுறையும் கம்பியூட்டர் ஒரு சின்ன மென்பொருள் துண்டைத் திருப்பி அனுப்பவும் வேணும். அதால, கம்பனி டிரைவர் செய்யிறதை நிப்பாட்டினால், உருளை, மோட்டர், சூடாக்கி எல்லாம் நல்லா இருக்கத்தக்கதாகவே மெசின் ‘செத்து’ப் போகுது. நாங்கள் எறியச் சொன்னது பழுதான ஒரு மெசினை இல்லை.

மாமா வீட்டில ஒரு பழைய டெஸ்க்டொப் கிடந்தது. ரெண்டு ஜிபி ரம். அதில டெபியன் லினக்ஸ் போட்டு, ‘கப்ஸ்’ எண்ட அச்சு முறைமையைப் போட்டன். கப்ஸ் 1990களின் கடைசியில மைக்கல் சுவீட் எண்டவர் எழுதத் தொடங்கினது. பிறகு அப்பிள் கம்பனி அதை வாங்கிச்சுது. இண்டைக்கும் மக் கணினிகளில அச்சடிக்கிறது அதுதான். எங்கட பழைய மொடலுக்கு, ஆரெண்டு தெரியாத ஆக்கள் எழுதி வைச்ச திறந்த மூல டிரைவர் அதில வேலை செய்தது. ரெண்டு பின்னேரம் மண்டை காஞ்சதுதான், ஆனா வேலை செய்தது. டெஸ்க்டொப்புக்கு எப்பவும் ஒரே முகவரியைக் குடுக்கச் சொல்லி ரவுட்டரிலயும் பதிஞ்சன்.

இந்த முறையில பெரிய வித்தியாசம் என்னெண்டால், டிரைவர் ஒரு இடத்தில மட்டும் இருந்தால் போதும். கப்ஸ் அந்தப் பிரிண்டரை இந்தக் காலத்து நெட்வேர்க் பிரிண்டர் மாதிரி வீட்டு வை-ஃபையில அறிவிக்கும். லப்டொப், அன்ட்ரொய்ட் போன், ஐபோன் எல்லாம் அதைத் தானாகக் கண்டுபிடிக்கும். பக்கத்தை மாத்துற வேலையை நடுவில இருக்கிற பழைய கம்பியூட்டர் பார்த்துக்கொள்ளும். வை-ஃபையே இல்லாத மெசினுக்கு அம்மா குசினியில இருந்து தன்ர போனால முயல் படம் அனுப்பினா. விறாந்தையில பிரிண்டர் சத்தம் போடத் தொடங்கினோடன “ஐயோ, ஆர் அடிக்கிறது?” எண்டு அவவே கேட்டா.

விறாந்தை எண்டு சொன்னதைக் கவனியுங்கோ. மென்பொருளைவிட முக்கியமான முடிவு அதுதான். அது இப்ப ஒருத்தரின்ர அறையிலயும் இல்லை.

மறுப்புகள் இருக்கு. அதையும் சொல்லத்தான் வேணும்.

முதலாவது, செலவு. புதுசு வாங்கலாம்தானே? வாங்கக்கூடிய ஆக்கள் வாங்கட்டும். ஆனா 2022 மார்ச்சில கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போன நாடு இது. ‘ஐலண்ட்’, ‘திவயின’ பத்திரிகைகள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிப்பாட்டினதும் அதே மாதம்தான். சில மாதத்துக்குள்ள டொலர் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேல போனதை நாங்கள் கண்ணால கண்டனாங்கள். இறக்குமதியாகிற ஒரு பொருள் திருத்தக்கூடியதாக இருக்கேக்க அதை எறியிறதை நான் ‘அப்டேட்’ எண்டு சொல்லமாட்டன். மை பிரிண்டர் பாவிக்காமல் கிடந்தால் தலை காஞ்சுபோகும். லேசருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. எங்கட மாதிரி மொடலுகளின்ர டோனருக்கு 2000 பக்கம் எண்டு கணக்குச் சொல்லுவினம். அது பக்கத்தில 5 வீதம்தான் எழுத்து இருந்தால் வாற கணக்கு. எங்கட நெருக்கமான தமிழ் அசைன்மென்டுக்கு அவ்வளவு வராது. ஆனாலும் கடையைவிட மலிவு.

ரெண்டாவது, கரண்ட். பழைய டெஸ்க்டொப்பை நாள் முழுக்கப் போட்டு வைச்சால் பில் ஏறும். உண்மை. நாங்கள் பின்னேரம் 5 மணியிலிருந்து 9 மணி வரைதான் போடுறம். லேசர் சூடாகேக்க கரண்டைச் சடாரெண்டு இழுக்கும், அதால அதை யூபிஎஸ்ஸில குத்தக்கூடாது.

மூண்டாவது, பாதுகாப்பு. 2021 ஜூலையில விண்டோஸின் அச்சு வரிசை மென்பொருளில ‘பிரிண்ட் நைட்மெயர்’ எண்டு பேர் வைச்ச ஓட்டை வெளியில வந்தது. அதை அடைக்கிறதுக்கு வந்த திருத்தங்களுக்குப் பிறகு பல இடங்களில பகிர்ந்த பிரிண்டர்கள் வேலை செய்யாமல் நிண்டது. கனபேர் செய்தது என்ன? திருத்தத்தைக் கழட்டினது, பாதுகாப்பை நிப்பாட்டினது. அதைச் செய்யாதேங்கோ. லினக்ஸ் எண்டாலும் அப்டேட் போடுங்கோ. கப்ஸின் 631ஆம் போர்ட்டை வெளி இணையத்துக்குத் திறந்து விடாதேங்கோ. வீட்டுக்குள்ள பகிர்கிறது வீட்டுக்குள்ளயே நிக்கவேணும்.

நாலாவது மறுப்பை நானே எனக்குச் சொல்ல வேண்டியிருக்கு. இப்ப நிர்வாகி பாஸ்வேர்ட் என்னட்ட இருக்கு. கப்ஸில, மற்றவை அனுப்பின கோப்பின்ர பேரும் அனுப்பின ஆளும் சாதாரணமாக மறைச்சுத்தான் இருக்கும். நிர்வாகிக்குத் தெரியும். போன மாதம் வரிசை நிண்டபோது உள்ளுக்குப் போனன்; தங்கச்சி அனுப்பின கோப்பின்ர பேரைக் கண்டன். அது என்னெண்டு இங்க சொல்லமாட்டன். கண்டது எண்டு அவளிட்டச் சொன்னன். பாஸ்வேர்ட்டை ஒரு தாளில எழுதி அவளிட்டயும் அம்மாவிட்டயும் குடுத்தன். வரிசையை அழிக்கிறது, கடதாசி இறுகினால் கதவைத் திறந்து எடுக்கிறது எண்டு மூண்டு பேருக்கும் இப்ப தெரியும். அண்ணாவின்ர இடத்தில நான் போய் இருந்தால், மெசின் மாறினதே தவிர வேறொண்டும் மாறேல்லை.

கடைசியா ஒரு ஆசை. எங்கட ஊர்களில சனசமூக நிலையம் இருக்கு. பேப்பர் வாசிக்க ஒரு மேசை, நாலு கதிரை, சிலதில ஒரு பழைய கம்பியூட்டரும் இருக்கு. பக்கத்து வீடுகளில தூசி பிடிச்ச லேசர் ஒண்டாவது கிடக்கும். ரெண்டையும் சேர்த்து அங்க வைச்சால், டோனருக்கும் கடதாசிக்கும் ஒரு பெட்டியில காசு போட்டுப் பிள்ளையள் பாஸ்ட் பேப்பர் அடிக்கலாம். அதுக்குப் பெரிய திட்டம் வேண்டாம், ரெண்டு பின்னேரமும் செய்யத் தெரிஞ்ச ஒராளும் போதும். ஆனா முதல்நாளே ஒண்டை முடிவெடுக்க வேணும்: பாஸ்வேர்ட் தலைவரிட்ட மட்டும் இருக்கக்கூடாது.

உங்கட வீட்டில எறிய வைச்சிருக்கிற பிரிண்டர் இருந்தால், எறிய முதல் அது ஏன் நிண்டது எண்டு ஒருக்காப் பாருங்கோ. பழுதா, டிரைவர் இல்லையா, இல்லாட்டி கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போய் நீங்கள் அதை விட்டிட்டீங்களா?

கொழும்புப் பயிற்சிக்கு இந்த வருசமும் விண்ணப்பம் கேட்டிருக்கினம். இந்தமுறை முதல்ல அம்மாவிட்டச் சொன்னன். பிறகுதான் பிரிண்ட் எடுத்தன்.